சாப்பரின் முன் ஃபோர்க்கைச் சாய்ப்பதற்கு முன்

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நீண்டிருக்கும் சாப்பர் வகை மோட்டார் சைக்கிளை உருவாக்க விரும்புவோர், சேஸிஸை, அதாவது வண்டியின் சட்டகத்தை, அறுப்பதற்கு முன்பே டிரெயில் அளவைக் கணக்கிட வேண்டும். ஸ்டியரிங் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், அதற்குப் பின்னால் முன்சக்கரம் தரையில் பதியும் இடத்துக்கும் உள்ள தூரமே டிரெயில்.

சக்கரத்தின் ஆரம் 320 மி.மீ., ஆஃப்செட் (ஸ்டியரிங் அச்சிலிருந்து சக்கர அச்சு முன்தள்ளி இருக்கும் தூரம்) 60 மி.மீ. எனக் கொண்டால், ஸ்டியரிங் அச்சு செங்குத்திலிருந்து 27 பாகை சாய்ந்திருக்கையில் டிரெயில் ஏறத்தாழ 96 மி.மீ. இருக்கும், சாய்வை மட்டும் 38 பாகையாக உயர்த்தினால் அது 174 மி.மீ. ஆகிவிடுவதால், மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில்பார் கனத்து, தானாகவே ஒரு பக்கம் சரியத் தொடங்கும். தோற்றத்தில் மயங்கிப் பலர் தவறுவது இங்கேதான். ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளாம்புகளை ஏறத்தாழ 110 மி.மீ. ஆஃப்செட்டுடன் செய்வித்தால், அதே 38 பாகை சாய்விலும் டிரெயில் 110 மி.மீ. அளவுக்கு இறங்கும், இதற்கும் வெகுவாகக் குறைத்தால் வேகத்தில் வண்டி நிலைகொள்ளாது.

வெல்டிங்குக்கு முன் சேஸிஸை ஜிக்கில் (பாகங்களை இடம் மாறாமல் பிடிக்கும் தாங்கியில்) அசையாமல் பூட்டி, முதலில் ஆங்காங்கே புள்ளியாகப் பற்றவைத்து, இரு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இருப்பதை நூல் பிடித்துச் சரிபார்த்த பின்னரே முழுமையாகப் பற்றவைக்க வேண்டும். ஃபோர்க் பொருந்தித் திரும்பும் குழாயான ஸ்டியரிங் ஹெட்டின் இணைப்பில் வலுவூட்டும் தகடுகளை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

இந்தியச் சாலைகளில் ஓட்டுவதாயின், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வாகன மாற்றங்களைப் பற்றிய 52ஆம் பிரிவையும் முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள்.