ஒன்றரை வயது கார்: தெரியாமல் நாம் செய்யும் தவறுகள்

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு ஒன்றரை வருடம் ஓடிய ஒரு டீசல் கார் வந்தது. விற்றவர் குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர். மீட்டரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை, சீட்டில் ஒரு கறை இல்லை. மதுரை பாண்டி கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தோஷமாக வீட்டுக்கு ஓட்டி வந்தோம். அடுத்த ஆறு மாதத்தில் வந்த கோளாறுகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். எலி கடித்த ஒரு வயரைத் தவிர மற்றவை எல்லாம் நாங்களோ விற்றவரோ தெரியாமல் செய்ததன் விளைவு. இந்த வயதில் ஒரு காருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய பராமரிப்பு, அதைக் கெடுக்காமல் இருப்பதுதான்.

முதல் தவறு, வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அலங்காரச் சாமான் கடைக்குப் போனது. ஃபாக் லேம்ப், கூடுதல் ஹாரன், பின்பக்கக் கேமரா என்று மூன்றையும் ஒரே மூச்சில் மாட்டினோம். ஒரு மணி நேர வேலை. மூன்று வாரம் கழித்து, இரண்டு நாள் நிறுத்தி வைத்தாலே பேட்டரி இறங்க ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் கழற்றிப் பார்த்தால், வண்டியோடு வந்த வயரை நடுவில் வெட்டி, புது வயரை முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த வயரிங்குக்கு இனி வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்றைய கார்களில் ஒவ்வொரு வயரும் இவ்வளவு மின்சாரம்தான் தாங்கும் என்று கணக்குப் போட்டு ஓடுகிறது. அதில் இன்னொரு விளக்கை ஒட்டவைத்தால் வயர் சூடாகும். டேப்பின் பசை மதுரை வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்காது. பசை விட்டு வயர் எங்காவது உரசினால் தீப்பிடிக்கவும் வழி உண்டு. ஆகவே கடையில் விலை கேட்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். வயரை வெட்டாமல், செருகி இணைக்கும் கப்ளர் மாட்டித் தருவீர்களா? ரிலே என்கிற மின்சுவிட்சும் ஃப்யூஸும் தனியாக வருமா? பதில் இழுத்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுவது இன்னும் ஆபத்து. ஃப்யூஸ் போவதே வயரைக் காப்பாற்றத்தான்.

ஹாலோஜன் பல்பு இருந்த ஹெட்லைட்டுக்குள் எல்இடி பல்பைத் திணிக்கவும் வேண்டாம். அந்தக் கிண்ணம் ஹாலோஜனுக்காக வடிவமைத்தது. ஒளி சிதறி, எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும். பல குரலில் பாடும் ஹாரனுக்குச் சட்டத்திலேயே இடமில்லை.

அடுத்தது சீட் கவர். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் படபடப்பு வரும், ஏனென்றால் பின்னால் உட்காருவது பிள்ளைகள், முன்னால் உட்காருவது என் மனைவி. உங்கள் காரின் முன்சீட்டில், கதவுப் பக்க ஓரத்தில், ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணி லேபிள் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சீட்டுக்குள்ளேயே ஒரு பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கவாட்டில் அடி விழுந்தால் கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டு அது வெளியே வர வேண்டும். அதன்மேல் கெட்டியான ரெக்சின் கவரை இறுக்கித் தைத்துவிட்டால் பை நேரத்துக்கு வராது. கவர் வேண்டும் என்றால், அந்த ஓரத்தைத் திறந்து விட்டதையோ, அங்கே மட்டும் எளிதில் பிரியும் நூலால் தைத்ததையோ கேட்டு வாங்குங்கள்.

டேஷ்போர்டிலும் இதே விஷயம்தான். அம்மா ஒரு பித்தளைப் பிள்ளையாரை இடது பக்கம் ஒட்டி வைத்திருந்தார். அந்த மூடிக்கு அடியில்தான் பக்கத்து சீட்டின் ஏர்பேக் இருக்கிறது. அது வெடித்துத் திறந்தால் சிலை நேரே முகத்துக்கு வரும் என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப சாமிய எங்கப்பா வைக்கிறது?" என்று கேட்டார். இப்போது நடுவில், ஏசி பட்டன்களுக்கு மேலே, ஒரு தட்டையான படம் இருக்கிறது. தினமும் பூ வைக்கிறார்; பூ மட்டும் பெடல் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்கிறோம். பெடல் என்றதும் ஒன்று: காலடியில் பழைய விரிப்பின்மேல் புது விரிப்பைப் போடக் கூடாது. அது நழுவி ஆக்சிலரேட்டருக்கு அடியில் போய்ச் சிக்கும்.

விற்றவர் வண்டியின் முன்பக்கம், பம்பருக்கு முன்னால், ஒரு இரும்புத் தடுப்புக் கம்பி (கிராஷ் கார்டு) போட்டிருந்தார். வந்த வாரமே கழற்றினோம். பம்பரும் அதன் பின்னால் இருக்கும் பாகங்களும் நசுங்கித்தான் மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு முடுக்கிய இரும்புக் கம்பி அந்த அடியை நேராக உள்ளே இருப்பவர்களிடம் கொண்டுபோகும். குறுக்கே வருகிற மனிதருக்கோ இன்னும் கொடுமை. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இவற்றைக் கழற்றவைக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

சன் ஃபிலிம் ஒட்டும் ஆசை சித்திரை வெயிலில் யாருக்கும் வரும். கண்ணாடியில் தனியாகக் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. முன், பின் கண்ணாடிகள் வழியே 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் வழியே 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு உள்ளே ஒரு மடிப்பு அட்டை வைத்தாலே ஸ்டியரிங் கையைச் சுடாது. ஏறியதும் நான்கு கண்ணாடியையும் இறக்கி, ஒரு நிமிடம் ஓட்டி, சூட்டை வெளியே விட்ட பிறகு ஏசியைப் போடுங்கள்.

சரி, அலங்காரம் போதும். எனக்குப் பெரிய அதிர்ச்சி கொடுத்தது இன்சூரன்ஸ். விற்றவர் கொடுத்த தாளில் மூன்று வருடம் என்று இருந்தது. இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களுக்கு மூன்று வருடக் காப்பீடு கட்டாயம் என்பது உண்மை. ஆனால் அது மூன்றாம் நபருக்கு மட்டும், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கு. நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்திலேயே முடிந்துவிடும். அதை அவர் புதுப்பிக்கவே இல்லை. நாங்கள் ஏழு வாரம் அப்படியே ஓட்டியிருக்கிறோம். வாங்கிய அன்றே தாளில் இரண்டு முடிவுத் தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். படிவம் 29, 30 கொடுத்து ஆர்சி பெயர் மாற்றுவதோடு வேலை முடியாது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். க்ளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடி ஆளோடு போவது, வண்டியோடு வராது. விலை பேசும்போது அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முடிந்த பாலிசியை 90 நாள் புதுப்பிக்காமல் விட்டால் உங்கள் சொந்தத் தள்ளுபடியும் போய்விடும்.

மழைக்கும் இன்சூரன்ஸுக்கும் தொடர்பு உண்டு. பெருமழையில் மதுரைக் கர்டர் பாலத்துக்குக் கீழே தண்ணீர் நிற்பது நமக்குத் தெரியும். அந்த மாதிரித் தண்ணீரில் வண்டி நின்றுபோனால் சாவியை மறுபடி திருகாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருகலில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு சேர்க்காத சாதாரண பாலிசியில் அந்தச் செலவு கிடைப்பது கடினம். தள்ளிக் கொண்டுபோய் மேட்டில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கழுவுவதில் எங்கள் தெருவே செய்யும் தவறு, உச்சி வெயிலில் போர் தண்ணீரை ஊற்றுவது. உப்புத் தண்ணீர் சூடான பெயின்ட்டில் நொடியில் காய்ந்து வெள்ளைப் புள்ளியாகப் படிந்துவிடும். காலையிலோ மாலையிலோ, நிழலில் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். தூசியோடு இருக்கும் வண்டிமேல் கவர் போட்டால் காற்றில் கவரே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பறவை எச்சத்தை அன்றே ஈரத் துணியால் ஊறவைத்து எடுங்கள். ரேடியேட்டரில் அந்தப் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. மேனுவலில் சொன்ன கூலன்ட் மட்டும். டயருக்கு எவ்வளவு காற்று என்பதை டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் பாருங்கள். டயரின்மேல் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அப்புறம், கிலோமீட்டர் ஓடவில்லை என்று சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். கிலோமீட்டரோ மாதமோ, எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு.

கடைசியாக, ஒன்பதாயிரம் கிலோமீட்டர். குறைவாக ஓடிய வண்டி என்று நாங்கள் மகிழ்ந்தது டீசலுக்குப் பொருந்தவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை இன்ஜின் தானே எரித்துச் சுத்தம் செய்யும். ஆனால் அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். விற்றவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். நாங்களும் கே.கே. நகருக்குள்ளேயே சுற்றினோம். ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏதோ சென்சார் என்று பத்து நாள் விட்டோம். வண்டி இழுக்காமல் போய், சர்வீஸ் சென்டரில் கருவி மாட்டிக் கரியை எரிக்க வேண்டியதாயிற்று.

எரியும் வேலை பாதியில் நின்றுகொண்டே இருந்தால் டீசல் போய் இன்ஜின் ஆயிலில் கலக்கும். அதனால் மாதம் ஒருமுறை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்றில்லை, மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலும் உடனே சர்வீஸுக்குப் போக வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டப்போகிறவர் பெட்ரோல் வண்டி வாங்குவதே நல்லது. எங்களைப் போல ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரே வழி, வாரம் ஒரு முறை நெடுஞ்சாலை. ஞாயிறு காலையில் மாட்டுத்தாவணி தாண்டி நான்குவழிச் சாலையில் மேலூர் வரை நிதானமாக, ஒரே வேகத்தில் போய்வருகிறோம். அந்த விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை.