கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக்குத் தெற்கே பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் தரப்போகும் நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் பேசும்போது உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பரேனில்தான் ஆரம்பிக்கிறார்கள்: எந்தக் கம்பெனி, எத்தனை பார் அழுத்தம். எங்கள் தலைமுறையும் அப்படித்தான் ஆரம்பித்தது. துருப்பிடிக்கும் இரும்பைப் போடாதே என்பது போன்ற, எல்லாருக்கும் தெரிந்த பாடங்களை விட்டுவிடுகிறேன்.

அமைதியான கடலை மட்டும் அளப்பது

மெம்பரேனின் ஆயுள் அதற்கு முன்னால் நடக்கும் சுத்திகரிப்பில் இருக்கிறது. ஒரு திட்டத்தில் மார்ச் மாதம் படகில் போய் மாதிரி எடுத்தார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அதை நம்பி, பாசியையும் மிதக்கும் அழுக்கையும் நுரையோடு மேலே தூக்கிப் பிரிக்கும் தொட்டியைச் செலவுக் கணக்கில் வெட்டிவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தது. முகத்துவாரங்கள் திறந்து சேறு கடலில் இறங்கியது. மெம்பரேனுக்கு முன்னால் நின்று மாதக்கணக்கில் தாங்க வேண்டிய கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்கள் சில நாட்களிலேயே அடைத்துக்கொண்டன. தண்ணீர் எவ்வளவு வேகமாக வடிகட்டியை அடைக்கும் என்று காட்டும் எஸ்.டி.ஐ. எண் 3-க்குள் நிற்க வேண்டும்; அது 5-ஐத் தாண்டியது. நிலையத்தை நிறுத்தினார்கள். அப்புறம் அந்தத் தொட்டியைக் கட்டலாம் என்றால் வளாகத்தில் இடம் இல்லை. இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது.

அமெரிக்காவின் டாம்பா பே நிலையம் 2003-இல் தண்ணீர் தரத் தொடங்கியது. முன்சுத்திகரிப்பு போதாமல் மெம்பரேன்கள் அடைத்தன, பச்சை மட்டிகள் வேறு தொல்லை கொடுத்தன. பழுது பார்த்து முழுமையாக இயங்க இன்னும் சில வருடங்கள் ஆயின. 2008-09-இல் அரபு நாடுகளின் வளைகுடாவில் செம்பாசி பெருகியபோது பல நிலையங்களை மூட வேண்டி வந்தது.

அதனால் கடல்நீர் எடுக்கப்போகும் அதே இடத்தில் ஒரு முழு வருடம் தண்ணீரை அளந்து பாருங்கள், சிறிய சோதனை நிலையம் (பைலட் பிளான்ட்) ஒன்றை ஓட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அதற்குள் வந்தே ஆக வேண்டும். நேரமில்லை என்பார்கள். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உவர்நீரை விடும் இடம்

எடுக்கும் நீரில் பாதிக்கு மேல், ஏறக்குறைய இரு மடங்கு உப்போடு கடலுக்கே திரும்புகிறது. நம் கரையில் நீரோட்டம் பருவத்துக்கேற்பத் திசை மாறும். ஒரு பருவத்தை மட்டும் பார்த்துக் குழாய் போட்டால், விட்ட உப்பையே திரும்ப உறிஞ்சுவீர்கள்.

மீனவர்கள்

வரைபடத்துக்கு முன்பே போய்ப் பேசுங்கள். எந்த மாதம் தண்ணீர் கலங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மின்சாரம்

10 கோடி லிட்டருக்கு 3 முதல் 4 லட்சம் யூனிட், தினமும். துணைமின் நிலையத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.