அட்லஸ் குளிரில் அடங்கிப்போன அடுப்பு

மொராக்கோவின் அட்லஸ் மலைப்பகுதியிலுள்ள அஸ்ரூ நகரையொட்டிய முகாம் திடலில் எங்கள் மோட்டார்ஹோமை (வீடாகவும் பயன்படும் வண்டி) நிறுத்தியிருந்தபோது, விடியற்காலையில் எரிவாயு ஹீட்டர் நின்றுவிட்டது. அடுப்பைப் பற்றவைத்தால் நீலச் சுடர் விரல்நுனி அளவுக்கு எழுந்து உடனே அடங்கியது. சிலிண்டரோ நல்ல கனமாகவே இருந்தது. அந்நாட்டுக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது பியூட்டேன் என்ற எரிவாயு. பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும் குளிரில் அது ஆவியாவதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். (அருகிலுள்ள இஃப்ரானில் 1935இல் மைனஸ் 23.9 டிகிரி பதிவானது என்றால் அம்மலைக்குளிரைக் கேட்கவா வேண்டும்!) சிலிண்டரைப் படுக்கையருகே கொண்டுவந்து சூடேற்றும் யோசனை ஆபத்தானது என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகக்கூடிய புரோப்பேன் இருந்த மாற்றுச் சிலிண்டரை, இரண்டு வாயுக்களுக்கும் பொருந்தும் ரெகுலேட்டரில் இணைத்து, மூட்டில் சோப்பு நுரை தடவிக் குமிழி வரவில்லை என்று பார்த்தபிறகே பற்றவைத்தேன். ஹீட்டர் உடனே பிடித்துக்கொண்டது. பியூட்டேனை வெதுவெதுப்பான அகாதிர் கடற்கரைக்கென ஒதுக்கி வைத்தேன்.