போஸ்ட்கிரெஸில் ரெப்ளிகேஷன் கட்டளைகளைப் பதிவு செய்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் முதன்மை சர்வரிலிருந்து (பிரைமரி) மாற்றங்களைப் பெற்று நகல் வைத்திருக்கும் சர்வர் ஸ்டாண்ட்பை; இப்படி நகலெடுப்பதே ரெப்ளிகேஷன். நள்ளிரவில் அந்த ஸ்டாண்ட்பை அறுந்து அறுந்து இணைந்திருக்கிறது. காலையில் பிரைமரியின் லாகைத் திறந்தால் அது என்ன கேட்டது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ‘லாக்_ஸ்டேட்மென்ட்டை ஆல் என்றுதானே வைத்தோம்?’ என்று அப்போது பலரும் கேட்பார்கள். முதல் தவறே அங்கேதான். அந்த அமைப்பு எஸ்கியூஎல் கட்டளைகளை மட்டுமே பதியும். ஸ்டாண்ட்பையும் பேக்கப் கருவிகளும் அனுப்பும் ஸ்டார்ட்_ரெப்ளிகேஷன் (மாற்றங்களை அனுப்பத் தொடங்கு), பேஸ்_பேக்கப் (முழு நகல் கொடு) போன்ற ரெப்ளிகேஷன் கட்டளைகள் அதில் சேராது. அவற்றுக்காகவே 9.5 பதிப்பில் லாக்_ரெப்ளிகேஷன்_கமாண்ட்ஸ் என்ற அமைப்பு வந்தது. நாமாக ஆன் செய்யாதவரை அது ஆஃப்தான்.

‘ஆன் செய்தால் லாக் நிரம்பி வழியும்’ என்று தயங்குவது அடுத்தது. டபிள்யூஏஎல் (தரவு மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) ஓடுவதெல்லாம் இதில் பதிவாகாது. கட்டளை வரும்போது மட்டும்தான் வரி விழும். ஸ்டாண்ட்பை ஒருமுறை ஒழுங்காக இணைந்துவிட்டால் நாள்கணக்கில் அமைதி. சில நொடிக்கு ஒருமுறை அதே கட்டளை வருகிறதென்றால், ஸ்டாண்ட்பை விழுந்து விழுந்து மறுபடி முயல்கிறது என்று பொருள். நமக்குத் தெரிய வேண்டியதும் அதுதானே! இதைவிட்டு, லாகில் எவ்வளவு விவரம் எழுதுவது என்பதைத் தீர்மானிக்கும் லாக்_மின்_மெசேஜஸை டீபக்1 வரை இறக்கினாலும் இந்த வரிகள் வரும். கூடவே வேண்டாத குப்பையும் வரும்.

ஆன் செய்ய ரீஸ்டார்ட் தேவையில்லை, ரீலோட் போதும். ஆனால் ரீலோட் செய்த உடனே எதுவும் தெரியாததால் ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டுகிறார்கள். ஏற்கெனவே ஓடும் இணைப்பு தன் கட்டளையை எப்போதோ அனுப்பிவிட்டது. அடுத்த இணைப்பு வரும்வரை புது வரி வராது. டபிள்யூஏஎல்லைப் பெறும் பிஜி_ரிசீவ்வால் கருவியைச் சில நொடி ஓட்டிப் பார்த்தால் ஐயம் தீரும்.

எந்த சர்வரில் வைப்பது என்பதிலும் சறுக்கல் உண்டு. தரவை அனுப்பும் சர்வரின் லாகில்தான் இது பதிவாகும். இன்றைய ஸ்டாண்ட்பை நாளை ஃபெயிலோவரில் (பிரைமரி விழுந்து பொறுப்பு மாறும்போது) பிரைமரி ஆகலாம், எனவே இரண்டிலும் வையுங்கள். டெபியன், உபுண்டுவில் அமைப்புகள் உள்ள போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப் கோப்பு ஈடிசி அடைவில் இருப்பதால், தரவு அடைவை நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப் அதை எடுத்து வராது. ஆல்டர் சிஸ்டம் கட்டளை எழுதும் ஆட்டோ.கான்ஃப் கோப்பு தரவு அடைவிலேயே இருப்பதால் கூடவே வந்துவிடும்.

எனக்கு மிகப் பெரிதாகப் படும் தவறு, வரி இருந்தும் ஆள் தெரியாமல் விடுவது. ரெப்ளிகேஷன் உரிமையுள்ள கணக்கு ஒன்று பேஸ்_பேக்கப் கேட்டால், சர்வரின் மொத்தத் தரவும் வெளியே போகிறது. ஒவ்வொரு லாக் வரியின் தொடக்கத்திலும் என்ன வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் லாக்_லைன்_பிரிஃபிக்ஸ் இயல்பில் நேரத்தையும் செயல் எண்ணையும் மட்டுமே காட்டும். பயனர் பெயர், வந்த முகவரி, பயன்பாட்டின் பெயர் மூன்றையும் அதில் சேருங்கள். 17ஆம் பதிப்பிலிருந்து, யார் எந்த ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை (ஒரு நகல் இதுவரை எதைப் பெற்றது என்று பிரைமரி வைத்திருக்கும் குறிப்பு) பிடித்தார், எப்போது விட்டார் என்பதும் இதே அமைப்பில் பதிவாகிறது.

லாக் எத்தனை நாள் தங்கும் என்றும் பாருங்கள். ரெட் ஹேட் வகைத் தொகுப்புகளில் கோப்புக்குக் கிழமையின் பெயர்தான். அடுத்த வாரம் அதே கிழமை வந்ததும் பழையது அழிந்து, அதே கோப்பில் புதிது எழுதப்படும்.