வட்டியில்லாக் கடனை வாங்கி வட்டி சம்பாதிப்பது: பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரில் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

ஒரு கார்டு கம்பெனி உங்களிடம் ஒன்றரை வருஷத்துக்கு வட்டியே வேண்டாம், பணத்தை வைத்துக்கொள் என்கிறது. அதே பணத்தை இன்னொரு வங்கியில் டெபாசிட் போட்டால் அந்த வங்கி உங்களுக்கு வட்டி தருகிறது. நடுவில் நிற்கிற நமக்கு அந்த வட்டி லாபம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். இங்கிலாந்தில் இந்த வேலைக்கு ஸ்டூசிங் என்று தனிப் பேரே உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் பெருக்கல் மட்டும் போடுகிறார்கள், கழித்தல் போடுவதில்லை. இரண்டையும் போட்டுவிடலாம்.

முதலில் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்றால் என்ன என்று ஒரு வரி. உங்கள் பழைய கார்டில் இருக்கிற பாக்கியைப் புதுக் கார்டு அடைத்துவிடும், இனி அந்தக் கடன் புதுக் கார்டுக்குச் சொந்தம். புதுக் கார்டு வாடிக்கையாளர் பிடிக்கும் ஆசையில் 12, 15, 18, சில சமயம் 21 மாதம்வரைகூட அந்தத் தொகைக்கு வட்டி போடாது. அதற்குப் பதிலாக ஆரம்பத்திலேயே ஒரு கட்டணம் எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் மாற்றுகிற தொகையில் 3 முதல் 5 சதவீதம். கட்டணமே இல்லாத கார்டுகளும் வரும், ஆனால் அவற்றில் வட்டியில்லாக் காலம் குறைவாக இருக்கும்.

உங்களிடம் ஏற்கெனவே வட்டி ஓடிக்கொண்டிருக்கும் கார்டு பாக்கி இருந்தால் மற்றதையெல்லாம் விடுங்கள். அதை மாற்றி அடைப்பதுதான் உங்களுக்கு லாபம். கார்டு வட்டி 30, 40 சதவீதம் போகிற இடத்தில் எந்த டெபாசிட்டும் அதன் பக்கத்தில்கூட நிற்காது.

பாக்கி இல்லாதவர்களுக்குத்தான் கேள்வி: மாற்றுவதற்குக் கடனே இல்லையே, காசு எப்படிக் கைக்கு வரும்? நேர்வழி ஒன்று இருக்கிறது. எப்படியும் செய்யப்போகிற செலவை, மளிகையிலிருந்து இன்சூரன்ஸ் பிரீமியம்வரை, கார்டில் போடுங்கள். அந்தச் செலவுக்கு வைத்திருந்த உங்கள் சொந்தக் காசை அன்றே எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். டியூ தேதி வருவதற்குள் அந்தப் பாக்கியைப் புதுக் கார்டுக்கு மாற்றிவிடுங்கள். வாங்கும் பொருளுக்கே சில மாதம் வட்டியில்லாத கார்டு கிடைத்தால் இன்னும் நல்லது, அந்த மாதங்களுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. அது முடிகிற சமயத்தில் டிரான்ஸ்ஃபர் கார்டுக்குத் தாவலாம். சில நாடுகளில் கார்டிலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கே பணத்தை அனுப்பும் வசதி உண்டு, அதற்குக் கட்டணம் வழக்கமாகக் கூடுதல். பாக்கியே இல்லாத கார்டுக்குப் பணத்தை அனுப்பி, அது பிளஸ்ஸில் நின்றதும் திருப்பிக் கேட்டு வாங்குகிற குறுக்குவழியும் ஒன்று இருக்கிறது. வங்கிகளுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது, சந்தேகத்தில் கணக்கை முடக்கிவிட்டால் கிடைக்கிற சொற்ப லாபத்துக்கு அலைச்சல்தான் மிச்சம். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு லட்சம் மாற்றுகிறீர்கள், 18 மாதம், கட்டணம் 3 சதவீதம், டெபாசிட் வட்டி வருஷத்துக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வாயால் போடுகிற கணக்கு இப்படிப் போகும்: ஒன்றரை வருஷத்துக்கு வட்டி 7,500, கட்டணம் 3,000, கையில் 4,500. தப்பு.

ஏன் தப்பு என்றால், வட்டி இல்லை என்பதற்காகத் தவணையும் இல்லை என்று ஆகிவிடாது. மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது கார்டு கேட்கிற குறைந்தபட்சத் தொகை, கட்டியே ஆக வேண்டும். அது பாக்கியில் 2 சதவீதம் என்று வைத்தால், கட்டணத்தோடு சேர்த்து 1,03,000 ஆக ஆரம்பித்த கடன் 18 மாதம் கழித்து 71,600 பக்கம் வந்து நிற்கும். அதாவது 31,400 நடுநடுவே வெளியே போயிருக்கிறது, அதுவும் டெபாசிட்டிலிருந்துதான் போயிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் உங்கள் கணக்கில் ஒரு லட்சம் இருந்ததே இல்லை, 84,000 சொச்சம்தான் இருந்தது. அதற்கு ஒன்றரை வருஷ வட்டி சுமார் 6,300. கட்டணம் போக 3,300. வட்டி வருமானத்துக்கு 20 சதவீதம் வரி கட்டுகிறவர் என்றால் இன்னொரு 1,260 போய்விடும். கடைசியில் மிஞ்சுவது ஏறத்தாழ 2,000.

ஒரு லட்சத்துக்கு, ஒன்றரை வருஷம் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்து, இரண்டாயிரம். அதே கணக்கைக் கட்டணம் 5 சதவீதம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், வரி போக ஐம்பதுகூட மிஞ்சாது. கட்டணம் 3 சதவீதமாகவே இருந்து காலம் 12 மாதம் என்றால் சுமார் 570. கட்டணம் ஒரே தடவைதான் என்பதால் காலம் நீள நீள அது கரையும், குறுகினால் கடிக்கும். விளம்பரத்தில் சுழியத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், நீங்கள் பார்க்க வேண்டியது கட்டணமும் மாதக்கணக்கும்தான். ‘மாதம் 0.99 சதவீதம் மட்டுமே’ என்று ஒரு சலுகை வரும், அது வட்டியில்லாக் கடனே இல்லை, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 12 சதவீதம். அதை வாங்கி டெபாசிட் போட்டால் நஷ்டம்தான்.

இந்த விளையாட்டு மொத்தமும் டெபாசிட் வட்டியை நம்பித்தான் இருக்கிறது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து 2009 மார்ச்சில் அடிப்படை வட்டியை 0.5 சதவீதத்துக்கு இறக்கியதும் ஸ்டூசிங்கில் சாரமே போய்விட்டது. 2023 ஆகஸ்டில் அது 5.25 சதவீதத்துக்கு ஏறியபோது மறுபடி உயிர் வந்தது. ஆகவே போன தடவை செய்தோமே என்று பழக்கத்தில் செய்யாமல், ஒவ்வொரு தடவையும் அன்றைய வட்டியை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

அப்புறம் எனக்குத் தெரிந்து நல்ல லாபம் வருகிற இடம் டெபாசிட் அல்ல, வீட்டுக்கடன். பணம் போட்டு வைத்தால் அந்த அளவுக்கு வட்டி குறைகிற, வேண்டும்போது திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடிகிற மாதிரி ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன் கணக்கு உங்களிடம் இருந்தால், கார்டுக் காசை அங்கே நிறுத்துங்கள். கடன் வட்டி 8 சதவீதம் என்றால் அதே சராசரி 84,000-க்கு ஒன்றரை வருஷத்தில் சுமார் 10,100 வட்டி மிச்சம். கட்டணம் போக 7,100. இது நீங்கள் சம்பாதித்த வட்டி இல்லை, கட்டாமல் விட்ட வட்டி, அதனால் வட்டி வருமான வரி என்ற பேச்சே இல்லை. டெபாசிட்டில் வந்ததைப்போல மூன்றரை மடங்கு. ஆனால் திருப்பி எடுக்க முடியாத சாதாரண வீட்டுக்கடனில் மட்டும் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள், 18 மாதம் முடியும்போது கார்டுக்குத் தர காசு இருக்காது.

அதே காரணத்துக்காகத்தான் பங்குச் சந்தை, தங்கம், கிரிப்டோ எதுவும் கூடாது என்கிறேன். திருப்பித் தர வேண்டிய தேதி தெரிந்த பணம் இது. அந்தத் தேதியில் சந்தை எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. டெபாசிட் காப்பீடு உள்ள வங்கியில், காப்பீட்டு வரம்புக்குள், சம்பளக் கணக்கோடு சேராத தனிக் கணக்கில் போடுங்கள். தனிக் கணக்கு ஏன் என்றால், சேர்ந்து கிடக்கிற காசு நம்முடையது மாதிரியே தெரியும், இரண்டாவது மாதம் கை நீளும்.

விண்ணப்பிக்கும் முன் நிபந்தனைகளில் நான் தேடுகிற விஷயங்கள் சில. கார்டு தொடங்கி எத்தனை நாளுக்குள் மாற்றினால் சலுகை செல்லும்? பெரும்பாலும் 60 அல்லது 90 நாள். ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கு இடையே மாற்ற விடமாட்டார்கள். லிமிட் முழுவதையும் மாற்ற முடியாமல் இருக்கலாம், கட்டணமும் அந்த லிமிட்டுக்குள்தான் அடங்க வேண்டும். லிமிட் எவ்வளவு என்பது கார்டு கிடைத்த பிறகுதான் தெரியும், அதனால் ஒரு லட்சத்தை மனதில் வைத்துக்கொண்டு போய் நாற்பதாயிரத்தோடு திரும்பவும் நேரலாம். பணம் போய்ச் சேர இரண்டு வாரம்கூட ஆகும், அதற்குள் பழைய கார்டின் டியூ தேதி வந்தால் அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். ‘முழுதும் அடைக்காவிட்டால் முதல் நாளிலிருந்து வட்டி’ என்ற வாசகம் எங்காவது இருந்தால் அது தள்ளிவைத்த வட்டி, வட்டியில்லாக் கடன் அல்ல.

புதுக் கார்டை வாங்கியதும் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். அதில் ஒரு காபிகூட வாங்காதீர்கள். மாற்றிய தொகைக்குத்தான் சலுகை, புதிதாக வாங்குவதற்குச் சாதாரண வட்டி. பாக்கி முழுதும் அடைபடாமல் நிற்பதால், வாங்கிய பொருளுக்கு வட்டியில்லாமல் வழக்கமாகக் கிடைக்கும் ஒன்றரை மாத அவகாசமும் பல கார்டுகளில் கிடைக்காது.

இனி தேதி. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆட்டோ டெபிட் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அது அடுத்த பில்லிலிருந்துதான் அமலுக்கு வரும் என்று படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. முதல் பில்லின் டியூ 9-ம் தேதி, எனக்குக் குறுஞ்செய்தி வந்தது 11-ம் தேதி. கட்ட வேண்டியிருந்தது இரண்டாயிரத்துச் சொச்சம், கணக்கில் அதைப்போலப் பல மடங்கு சும்மா கிடந்தது. தாமதக் கட்டணம் போட்டார்கள், அது போகட்டும், கூடவே வட்டியில்லாச் சலுகையையும் ரத்து செய்துவிட்டார்கள். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தேன், பேசிய பெண் ரொம்ப மரியாதையாக முடியாது என்றார். டெபாசிட்டை முறித்து மொத்தத்தையும் அடைத்தேன். கட்டணம் 3 சதவீதமும் டெபாசிட்டை முறித்த அபராதமும் தண்டம். காசைத் தொடாமல் வைத்திருந்ததால் அதோடு போயிற்று, செலவழித்திருந்தால் அன்றிலிருந்து முழு வட்டி ஓடியிருக்கும்.

அமெரிக்காவில் 2009-ல் வந்த கார்டு சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. அறிமுகச் சலுகை குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும், 60 நாளுக்கு மேல் தவணை பாக்கி இருந்தால்தான் ஏற்கெனவே உள்ள பாக்கிக்குச் சலுகையைப் பறிக்கலாம். எல்லா ஊரிலும் இப்படி இல்லை. நான் இப்போது முதல் இரண்டு தவணையையும் பில் வந்த அன்றே கையால் கட்டிவிடுகிறேன், ஆட்டோ டெபிட் ஒரு தடவை ஓடியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதை நம்புகிறேன்.

கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று பார்க்க வங்கிகள் வைத்திருக்கும் மதிப்பெண், கொஞ்சம் அடிபடும். புதுக் கார்டுக்கு விண்ணப்பித்தாலே ஒரு விசாரணை பதிவாகும், லிமிட்டில் தொண்ணூறு சதவீதம் கடனாக நிற்பதும் நன்றாகத் தெரியாது. அடுத்த ஆறேழு மாதத்தில் வீட்டுக்கடன் வாங்கும் யோசனை இருந்தால் இந்த இரண்டாயிரத்துக்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே கால் சதவீத வட்டி கூடினாலே இதைப்போலப் பல மடங்கு போய்விடும்.

முடிகிற நாளைக் காலண்டரில் குறிக்கும்போது வங்கி சொல்லும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் குறியுங்கள். 18 மாதம் என்பது கார்டு கிடைத்த நாளிலிருந்தா, பணம் மாறிய நாளிலிருந்தா என்பது ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாதிரி. டெபாசிட்டின் முதிர்வும் அதற்கு முன்னால் வருகிற மாதிரி போடுங்கள். அடைத்த மறுநாளே கார்டை மூடாமல் இன்னும் ஒரு ஸ்டேட்மென்ட் வரும்வரை பொறுங்கள், சில்லறையாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய கார்டிலும் இதே கதைதான், பாக்கி மாறிய பிறகு அடுத்த மாதம் ஏழோ எட்டோ வட்டி என்று ஒரு வரி வரும், அதைக் கட்டாமல் விட்டால் அந்த ஏழுக்குத் தாமதக் கட்டணம் போடுவார்கள்.