சந்தா வாங்கிய பிறகு என்ன? மனிதவள ஆய்வாளர் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் மனிதவளத் துறையில் பிஎச்.டி. செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி, பவுண்டரி, கோழிப்பண்ணை என்று ஆய்வுக் களமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் இவர்களுக்கான சங்கங்களில் முதல் வருஷம் சந்தா கட்டியவர்களில் பலர் அடுத்த வருஷம் காணாமல் போகிறார்கள். சந்தா கூடுதல் என்பதால் போனார்கள் என்று நிர்வாகிகள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை, அவர் என்ன ஆய்வு செய்கிறார், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று சங்கத்தில் ஒருவரும் கேட்காததுதான் பெரிய காரணம்.

சேர்க்கைப் படிவத்திலேயே இது தெரிந்துவிடும். பெயர், பதவி, கல்லூரி, போன் நம்பர், பணம் கட்டிய விவரம், அவ்வளவுதான். ஆய்வுத் தலைப்பு, தேவைப்படும் உதவி, மற்றவர்களுக்கு அவர் சொல்லித்தரக்கூடியது என மூன்று வரி சேர்த்தால் போதும். அப்புறம் அதை யாராவது உட்கார்ந்து படிக்கவும் வேண்டும்.

ஆய்வாளருக்குப் பெரிய தலைவலி டேட்டா கலெக்‌ஷன். கேள்வித்தாள் கட்டோடு மில் கேட்டில் நிற்பார். செக்யூரிட்டி உள்ளே போன் போடுவார். "ஹெச்.ஆர். மீட்டிங்ல இருக்காருங்க, அடுத்த வாரம் வாங்க" என்று பதில் வரும். அடுத்த வாரமும் அதே பதில்தான். மில் விடுதிப் பெண்களின் நிலை, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சில வருஷம் வேலைக்கு வைத்துக்கொள்ளும் 'சுமங்கலித் திட்டம்' பற்றியெல்லாம் அறிக்கைகள் வெளியான பிறகு, தொழிலாளரிடம் கேள்வி கேட்க வருகிற எவரையும் நிர்வாகங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. அந்தக் கதவைத் தனி ஆள் திறப்பது கஷ்டம். ஆனால் சங்கத்தில் மில்களின் ஹெச்.ஆர். மேனேஜர்களும் உறுப்பினராக இருப்பார்களே! என்ன கேட்கப்போகிறோம், பதில் எங்கே பத்திரமாக இருக்கும், கம்பெனி பெயரும் தொழிலாளி பெயரும் வெளியே வராது என்று சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு பக்கக் கடிதம், கூடவே ஒரு போன். இதைச் செய்து கொடுத்த சங்கத்தை அந்த ஆய்வாளர் விட்டுப் போகமாட்டார். விருப்பமில்லாத தொழிலாளியைப் பதில் சொல்ல வைக்கக் கூடாது என்பதையும், சூப்பர்வைசரைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்த தவறு கருத்தரங்கில் நடக்கிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று காலைப்பொழுது போய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகு ஏதோ ஒரு வகுப்பறையில் கட்டுரை வாசிப்பு. எதிரில் இருப்பவர்கள் அடுத்து வாசிக்கப்போகிறவர்கள் மட்டும். இரண்டு வருஷ உழைப்பை எடுத்துக்கொண்டு வந்தவரிடம், தலைமை தாங்குபவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "கன்க்ளூஷன் மட்டும் சொல்லுங்க" என்கிறார். கையில் சான்றிதழ் வந்துவிடும். சாம்பிள் எடுத்த முறை சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. கட்டுரைகளைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் முன்கூட்டியே படித்துவிட்டு வரும் ஒரு மூத்தவரை நியமித்தால், பொன்னாடையே இல்லாவிட்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கூட்டத்துக்கு நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். திருப்பூரில் பல கம்பெனிகளில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளப் பட்டுவாடா. அன்று சாயங்காலம் கூட்டம் வைத்தால் ஹெச்.ஆர். ஆட்கள் வரவே முடியாது. தீபாவளிக்கு முந்தைய மாதம் போனஸ் பேச்சுவார்த்தையில் போய்விடும். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிக்காரர்கள் விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்கள். எப்போதும் கோவை அவிநாசி ரோட்டிலேயே நடத்தினால், கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வருகிற பெண் உறுப்பினர்கள் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழுந்துபோகத்தான் வேண்டும்.

பேச்சாளர் தேர்வு இன்னொரு விஷயம். தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்தால் கைத்தட்டல் கிடைக்கும், சரி. ஆனால் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி, ஊதியத்தில் சேராத படிகளின் கூட்டுத்தொகை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகக் கணக்கில் வரும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைக்கிறவருக்கு, இது எப்படி விழும்? பி.எஃப். எவ்வளவு மாறும்? மேனேஜருக்கு விடை வேண்டும், ஆய்வாளருக்குத் தலைப்பு வேண்டும். இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் குவிந்தால் முக்கியமான அறிவிப்பு அடியில் போய்விடும். அறிவிப்புக்கென்று தனி குரூப் வைத்து, அட்மின் மட்டும் பதிவிடுகிற மாதிரி செய்துவிடுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு அவசரமாகக் கட்டுரை போடுகிற இதழ்களோடு சங்கம் கைகோப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு, தரமான ஆய்விதழ்கள் என்று ஏற்றுக்கொண்டவற்றைத் தொகுத்து வைத்திருந்த 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்போது எந்த இதழ் நல்லது, எது ஏமாற்று என்று இளம் ஆய்வாளர் திணறுகிறார். அவர் நம்பிக் கேட்கிற இடம் சங்கம். அங்கேயே கமிஷன் கை மாறினால் அவர் பாவம், வேறு எங்கே போவார்?

வைவா எனும் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு முடிந்ததும் மாணவர் உறுப்பினர் பெயர் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடுவதும் நடக்கிறது. அந்த வாரமே ஒரு போன் செய்து வாழ்த்திவிட்டு, முதல் வருஷம் பாதிச் சந்தாவில் முழு உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்கிற ஆய்வாளருக்கு வழிகாட்ட அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

கடைசியாகக் கணக்கு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்த சங்கம் ஆண்டுப் பொதுக்குழு கூட்டி, கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பியாக வேண்டும். மேடையில் வேகமாக வாசித்து "ஏகமனதாக நிறைவேறியது" என்று முடிக்காமல், ஆளுக்கொரு நகல் கையில் கொடுங்கள். விழாச் செலவு ஒரு வரியிலும், ஆய்வாளர்களுக்குச் செய்த செலவு அடுத்த வரியிலும் இருக்கட்டும்.