காதலர்களை மட்டும் பார்க்காதீர்கள்: பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைகளை அணுகும்போது நேரும் தவறுகள்

1930, 40-களின் ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்கள் எனக்கு உயிர். அவற்றில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்று எழுத வரும்போது பலரும் ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், ஜோடியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போவது. 'மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்' (1948) படத்தில் கேரி கிராண்டுக்கு விளம்பரக் கம்பெனியில் வேலை. 'வாம்' என்ற ஹாம் இறைச்சிக்கு ஒரு வாசகம் எழுத வேண்டும். எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டும் வரவில்லை, வேலையே போகும் நிலை. வீட்டில் சமையல் செய்யும் கஸ்ஸி இறைச்சித் தட்டோடு வருகிறார், போகிற போக்கில் எதுகையோடு ஒரு வரி சொல்கிறார். அவ்வளவுதான், வாசகம் கிடைத்துவிட்டது! கிராண்டின் வேலை தப்புகிறது. கஸ்ஸிக்கு 10 டாலர் சம்பள உயர்வு.

கஸ்ஸியாக நடித்தவர் கறுப்பின நடிகை லூயிஸ் பீவர்ஸ். அந்த வரியை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று கவனியுங்கள். அதில்தான் சிரிப்பே இருக்கிறது. யோசனை அவருடையது, பலன் முதலாளிக்கு. விமர்சனம் எழுதினால் பீவர்ஸ் பெயரையும் எழுதுங்கள்.

அதற்காக, "பாருங்கள், அப்போதே கறுப்பினத்தவருக்கு இடம் இருந்ததே" என்று கிளம்பிவிடவும் கூடாது. இடம் இருந்தது, சமையலறையில். கஸ்ஸிக்கு வீடு எங்கே, அவரை யாராவது காதலித்தார்களா என்று படம் கேட்பதே இல்லை. கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் 1940-இல் ஆஸ்கர் வாங்கிய இரவில்கூட, தன் படக்குழுவோடு உட்கார முடியாமல் தனி மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மிகவும் கோபம் வருவது "அந்தக் காலம் அப்படித்தான்" என்ற பேச்சைக் கேட்டால்தான். 1898-இலேயே சிகாகோவில் அரை நிமிடப் படம் ஒன்று எடுக்கப்பட்டது. செயின்ட் சட்டில், கெர்ட்டி பிரவுன் என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் கைகோத்து, சிரித்து, விலகி, மறுபடி இழுத்து முத்தமிட்டுக்கொள்கிறார்கள். கேலி இல்லை, கோமாளித்தனம் இல்லை. 2017-இல் அது மறுபடி கிடைத்தது. ஆக, காட்டத் தெரியாமல் இல்லை.

சரி, எல்லாப் பழியையும் தணிக்கை விதிகள் மேல் போட்டுவிடலாமா? 1934-இலிருந்து கண்டிப்பாக அமலான அந்த விதிகள் வெள்ளையர் - கறுப்பினத்தவர் உறவைத் தடை செய்தது உண்மை. ஆனால் இரண்டு கறுப்பினத்தவர் காதலிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. பெரிய ஸ்டூடியோக்கள் அப்படிப் படம் எடுத்தது அபூர்வம். இனப் பாகுபாடு கடுமையாக இருந்த அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்களில் வசூல் போய்விடும் என்ற பயம். கறுப்பினப் பாடகியும் நடிகையுமான லீனா ஹார்ன் பாடும் காட்சிகளை, அங்கே வெட்டி எறிய வசதியாகத் தனியாகவே படமாக்கினார்கள்.

அப்புறம், ஸ்டூடியோ எழுதிக் கொடுத்த பிறப்பு விவரத்தை அப்படியே நம்புவது. 1938-இல் கேரி கூப்பரோடு 'தி கவ்பாய் அண்ட் தி லேடி' என்ற காதல் நகைச்சுவையில் நாயகியாக நடித்த மெர்ல் ஓபரான், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்றே உலகம் நம்பியது. உண்மையில் பிறந்தது பம்பாயில். அம்மாவாக இருந்து வளர்த்த பாட்டி ஷார்லட், இலங்கையைச் சேர்ந்த யூரேசியப் பெண், அதாவது ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சம். மெர்ல் வீட்டுக்கு விருந்தினர் வந்தால், அந்தப் பாட்டி வேலைக்காரியாக நடித்திருக்கிறார்.